மட்டிகள் மறக்காத சொல்

அந்தக் காலத்தில் மட்டிகள் என்னும் சிப்பிகள் எல்லாம் ஒரே குடும்பமாக ஒரு முகத்துவாரத்துச் சேற்றில் வாழ்ந்தன. மனிதரோடு பேசவும் செய்தன. அங்கே மட்டி பொறுக்கிப் பிழைத்து வந்தவள் தேசம்மா.

ஒரு கோடையில் முகத்துவாரம் மண்மூடிப் போயிற்று. கடல்நீர் உள்ளே வரவில்லை. தேங்கிய தண்ணீர் சூடேறி, உப்பு முற்றி, மட்டிகள் வாய் பிளந்து சாகத் தொடங்கின. மீனும் கிடைக்கவில்லை.

"எல்லாத்தையும் அள்ளிட்டு வா. எப்படியும் சாகப் போகுது. அவிச்சுத் தின்னா நமக்காவது ஆகும்" என்றான் அவள் புருஷன் ஏகாம்பரம்.

தேசம்மா கூடையோடு குனிந்தாள். ஒரு பெரிய மட்டி சொன்னது: "எங்களைத் தின்னு, தாயி. குஞ்சுங்களை மட்டும் விட்டுடு."

அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போன மழையில என் பிள்ளை காய்ச்சல்ல கிடந்தப்ப, உங்க சாறுதான் அவளை எழுப்பி உட்கார வெச்சுது. உங்க வம்சத்தை நான் எந்தக் கையால முடிப்பேன்? வேற வேற தண்ணியில கொண்டு போய் விடுறேன்."

"பிரிஞ்சு போனா எங்க பிள்ளைங்க ஒண்ணையொண்ணு எப்படி அடையாளம் கண்டுக்கும்?"

"எல்லாரும் ஒரே சொல்லை மனசுல வெச்சுக்கங்க."

"நீ தந்த உயிர்" என்றது பெரிய மட்டி. அதுவே அவற்றின் சொல்லாயிற்று.

முதல் கூடையைக் கொதிக்கும் மணல்மேட்டைத் தாண்டிக் கடலில் கொட்டினாள். அவள் காலெல்லாம் கொப்புளம். திட்டிக்கொண்டே வந்த ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டுக் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தான். மிச்சம் இருந்தவற்றை இருவருமாக அலையாத்திக் காட்டின் நிழல் சேற்றில் விட்டார்கள். வெகுகாலம் கழித்து அவற்றில் சில பக்கத்து ஓடைக்குப் பிரிந்து போயின. மட்டிகளை விட்டுவந்த அன்று அந்த வீட்டில் உமரிக்கீரை மட்டும்தான் வெந்தது. ஆனாலும் தேசம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறந்துவிடுவோமோ என்று பயந்த மட்டிகள், அந்தச் சொல்லை உடம்புக்குள் ஓடும், தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் மரபிழையில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டன. முதலில் பிரிந்த கடல்மட்டியிடம் அது அலையில் தேய்ந்து "நீ தந்துயி" ஆயிற்று. காட்டுமட்டிக்கும் ஓடைமட்டிக்கும் "நீ தந்த உசிர்", "நீ தந்த உசுர்" என்று ஓரெழுத்துதான் வித்தியாசம்.

அன்று முதல்தான் ஓட்டின் நிறமும் வடிவமும் எவ்வளவு மாறினாலும், மட்டிகளின் மரபிழைக்குள் அந்த ஒரே சொல்லின் துணுக்கு வரிவரியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. எழுத்து எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்பதை வைத்து, எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்பதையும் அந்த நன்றிச் சொல்லே காட்டிக் கொடுக்கிறது.