சிங்கமில்லாத காட்டில் மழை பெய்யுமா?

மூங்கில் காட்டில் ஒரு சருகுமான் இருந்தது. அன்று அது தன் குட்டியை விட்டு நகரவே இல்லை. பின்னே? சிங்கராஜாவுக்கு இந்த முறை இரையாகப் போவது அதன் குட்டி!

"நான் கர்ஜித்தால்தான் இடி இடிக்கும், மழை கொட்டும். வெறும் வயிற்றோடு கர்ஜிக்க முடியுமா?" என்பது சிங்கத்தின் பேச்சு. காடே தலையாட்டியது.

"அட, சிங்கமே இல்லாத காட்டில் மழை பெய்யாதா என்ன? கேட்டுத்தான் பார்ப்போமே!" என்றது சருகுமான். குளம்பால் சருகில் மடல் கீறி, தன் மடல் நண்பர்களுக்கு நாரைகளிடம் கொடுத்தனுப்பியது.

அந்த நண்பர்கள், மலையில் வரையாடு, கடலோரத்தில் ஆமை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் மடல் எழுதுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி, 'கண்டேன்' என்று முடிக்க வேண்டும். வந்த மடலைப் படியெடுத்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்க வேண்டும்.

"இங்கே சிங்கம் இல்லை. அடைமழை. கண்டேன்" என்று எழுதியது வரையாடு.

"சிங்கமா? அது எப்படி இருக்கும்? மழையில் என் ஓடே ஊறிப்போச்சு. கண்டேன்!" என்றது ஆமை.

விஷயம் மந்திரி நரியின் காதுக்கு எட்டியது. சும்மா இருக்குமா? தானே ஒரு சருகைக் கீறிக்கொண்டு சபைக்கு வந்தது.

"வரையாடு எழுதியதைக் கேளுங்கள்! 'சிங்கம் இல்லாததால் எங்கள் மலையில் ஒரு சொட்டு மழையில்லை என்று கேள்விப்பட்டேன்.'"

குரங்கு கிளையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தது. "கேள்விப்பட்டதாமே! தன் மலையில் மழை பெய்ததா என்று வரையாடு ஊரைக் கேட்டா தெரிந்துகொள்ளும்?"

ஒட்டுக்கேட்டே காலம் தள்ளிய நரிக்கு 'கண்டேன்' என்று எழுதவே வரவில்லை, பாவம்.

சிங்கத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சருகுமானின் மடல்களைப் பிடுங்கி மிதித்துப் பொடியாக்கியது.

"மிதியுங்கள் ராஜா, நன்றாக மிதியுங்கள்!" என்றது சருகுமான். குரங்கு ஒரு படியை நீட்டியது. முயல் ஒன்றை நீட்டியது. யானை தும்பிக்கையில் ஒன்றோடு வந்து குட்டிக்கு முன்னால் நின்றது.

"இப்போதே கர்ஜியுங்கள்! மழை கொட்டினால் குட்டியோடு நானும் இரையாகிறேன்!" என்றது சருகுமான்.

சிங்கம் கர்ஜித்தது. தொண்டை கட்டும்வரை கர்ஜித்தது. வெயில்தான் சுள்ளென்று அடித்தது. கடைசியில் வாலைச் சுருட்டிக்கொண்டு குகைக்குப் போனது.

சருகுமான் புதுச் சருகு ஒன்றை எடுத்தது. "சிங்கம் கர்ஜித்தது. மழை வரவில்லை. கண்டேன்" என்று கீறி, நாரையிடம் கொடுத்தது.

நீதி: பலர் கண்ணால் கண்டு பகிர்ந்துகொண்ட உண்மையை எந்த ராஜாவாலும் மிதித்து அழிக்க முடியாது.