வேலப்பனின் தட்டு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்டால் கிடைக்காது. கொஞ்சம் காட்டுக்குள் நடக்க வேண்டும்.

மலைக்காட்டில் ஆள் அண்டாத ஓர் ஓடைக்கரை. மார்கழிதோறும் தவமணி அம்மை தன் சீடர்களோடு அங்கே கூடாரம் போட்டுத் தங்குவாள். பொழுது சாய்ந்தால் பக்கத்துக் கூடாரம்கூடத் தெரியாத பனி. அதனால் ஒரு வழக்கம். அம்மை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். "இருக்கேன்மா" என்று அவரவர் இடத்திலிருந்து குரல் கொடுக்க வேண்டும்.

மாசிலான் மட்டும் சொந்தக் குரலில் கொடுத்ததே இல்லை. நாடகக் கம்பெனியில் தலை நரைத்தவன். வனக் காவலராக இருமுவான். கேளையாடு என்கிற குரைக்கும் மானாகக் குரல் கொடுப்பான். அம்மையின் மூக்கடைத்த குரலில் அம்மைக்கே பதில் சொல்வான்.

விழுந்து விழுந்து சிரிப்பவன் பக்கத்துக் கூடாரத்து வேலப்பன். பூண்டு வதக்கினால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடையின் அக்கரைக்கு ஓடிவிடுவான். மாசிலான் அவன் பங்கையும் சேர்த்துத் தின்பான்.

ஒரு வருடம் வேலப்பன் காய்ச்சலில் போய்விட்டான். ஓடைக்கரையிலேயே புதைத்தார்கள்.

அன்றிலிருந்து மாசிலான் ஒரு பருக்கை தொடவில்லை.

"ரெண்டு வாய் சாப்பிடுடா."

"இறங்கலைம்மா."

"சரி, அந்தக் கேளையாடாவது குரைக்கட்டும்."

"அதுவும் வரலைம்மா."

அம்மையோ, சாயங்காலம் கடைசியாக வேலப்பன் பெயரையும் கூப்பிட்டாள். ஓடைச் சத்தம்தான் கேட்டது. மறுநாளும் கூப்பிட்டாள். மாசிலானால் தாங்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் காலிக் கூடாரத்துக்குள் நழுவி, வேலப்பன் குரலில் சொன்னான்:

"இருக்கேன்மா."

அம்மை திரும்பக் குரல் கொடுத்தாள்:

"வந்துட்டியா? சாப்பாடு வாசல்ல வைக்கிறேன். மிச்சம் வைக்காதே."

மாசிலான் தட்டை உள்ளே இழுத்தான். தட்டு அப்படியே இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மறுநாளும் விழுங்கினான். அதற்கடுத்த நாள் கண்ணை மூடவில்லை.

ஓடையில் பாத்திரம் கழுவும்போது மெல்லக் கேட்டான்.

"அம்மா, செத்தவங்க திரும்பி வருவாங்களா?"

"பசிச்சா வருவாங்க."

ஐயோ, இந்த அம்மாவின் புத்தியைக் கெடுத்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது. இன்றைக்கு ஒரு நாள், அதோடு நிறுத்திவிடலாம்.

அன்றும் பெயர் கேட்டது. குரல் கொடுத்தான். தட்டு வந்தது. வழித்துத் தின்றுவிட்டு விரலை நக்கினான்.

விரல் வாயிலேயே நின்றது.

விரலில் ஒட்டியிருந்த துவையலை மோந்து பார்த்தான். இன்றைக்கும் அதுதான். நேற்றும் அதுதான். தட்டு வந்த முதல் நாளும் அதேதான்.

"அம்மா." பனிக்குள்ளிருந்து அவனுடைய சொந்தக் குரல் வந்தது. "வேலப்பனுக்குப் பூண்டு ஆகாதேம்மா."

அம்மை சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவனுக்கு ஆகாதுடா. உனக்கு ஆகுமே."