உச்சுக் கொட்டிய ஒற்றர்கள்

மூங்கில்பாறைக் காட்டை உறுமன் என்ற கழுதைப்புலி ஆண்டுவந்தான். 'வீராதிவீரர்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டான். வேறு யாரும் சூட்ட முன்வரவில்லை, பாவம்!

உறுமனுக்கு ஓயாத கவலை ஒன்று இருந்தது. 'நம்மைப் பற்றி யார் என்ன பேசுகிறார்களோ!' இதே நினைப்பில் தொண்டையில் இரை இறங்கவில்லை. கடைசியில் முந்நூறு பல்லிகளைப் பிடித்து ஒற்றர்களாக்கினான். மரத்துக்கு ஒன்று, புதருக்கு ஒன்று, வளைக்கு ஒன்று.

"பொழுது சாய்வதற்குள் என்னைக் குறை சொன்னவர் பெயர் ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். பெயர் இல்லையென்றால் வால் இல்லை!" என்றான்.

வால் திரும்ப முளைக்கும்தான். அதற்காக வலிக்காதா என்ன? பல்லிகள் தினமும் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லித் தொலைத்தன. அவர்களில் உறுமன் பொறுக்கியெடுத்தவர்கள், காட்டின் நன்மைக்காக என்று மலையடிவாரத்தில் சுரங்கம் வெட்டப் போக வேண்டும். அதற்கு 'விருப்பப் பணி' என்று பெயர். விருப்பமில்லாதவர்களைக் காவல்காரச் செந்நாய்கள் காலைக் கடித்து இழுத்துப் போகும்!

முள்ளம்பன்றி வெள்ளாயியின் கணவன் சடையனும் அப்படித்தான் போனான். செய்த குற்றம்? 'வீராதிவீரர் வாழ்க!' என்று எல்லோரும் முழங்கியபோது தும்மிவிட்டான். அவ்வளவுதான். மூன்று மாதமாகச் சுரங்கத்துக்குள் மண் சுமக்கிறான்.

ஒரு நாள் வெள்ளாயி அவனுக்குக் கிழங்கு கொண்டுபோனாள். எலும்பும் முள்ளுமாக வந்து நின்றான். முதுகில் பாதி முள் உதிர்ந்திருந்தது. அவள் கிழங்கை நீட்டியபடியே அழுதுவிட்டாள்.

"அழாதே புள்ள," என்றான் சடையன். "மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வெட்டியாச்சு, எதுக்குன்னு கேட்டா கடிக்கிறாங்க. உள்ளே ஒரு இடத்தில்கூட முட்டுக் கொடுக்கலை. தலைமேல மண்ணு உதிர்ந்துக்கிட்டே இருக்கு. மழை பெஞ்சா நாங்க நாப்பது பேரும் உள்ளயே சமாதிதான்."

"போதும் பேச்சு!" என்று செந்நாய் ஒன்று அவனை உள்ளே தள்ளியது.

வெள்ளாயி மேற்கே பார்த்தாள். மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. மிஞ்சிப்போனால் இரண்டு நாள்.

வளைக்குத் திரும்பியவள் பொத்தென்று உட்கார்ந்தாள். கூரையில் பொட்டு என்ற பல்லி ஒட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கென்று நியமித்த ஒற்றன். எப்போது பார்த்தாலும் வாயை இறுக மூடிக்கொண்டே இருப்பான். 'கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்!' என்று வெள்ளாயி வாய்விட்டே சொன்னாள்:

"மழை வந்தா அந்தச் சுரங்கம் இடிஞ்சு விழுந்துடும்!"

"த்ச்! த்ச்! த்ச்!"

வெள்ளாயி அண்ணாந்து பார்த்தாள். "என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லைக்கா. நாக்கு வறண்டுபோச்சு," என்றான் பொட்டு அவசரமாக.

வெள்ளாயிக்குச் சந்தேகம் தட்டியது. "உறுமன் மகாராஜா தங்கமானவர்," என்றாள். கூரையில் சத்தமே இல்லை. "என் வீட்டுக்காரர் மூக்குல தூசி போய்த்தான் தும்மினார்," என்றாள்.

"த்ச்! த்ச்! த்ச்!"

பொட்டு கூரையிலேயே கூனிக்குறுகிப் போனான். "எங்க குலத்துச் சாபம்க்கா! உண்மை காதுல விழுந்தா நாக்கு தானா அடிச்சுக்கும். ராஜாவுக்கு இது தெரியாது."

"அதெப்படித் தெரியாம போகும்?"

"அவர் முன்னால யாரு உண்மை பேசியிருக்கா, அந்தச் சத்தம் கேக்க?"

வெள்ளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அது கோபமாக மாறியது. "சரி, என் வீட்டுக்காரர் பேரைக் கொடுத்தது யாரு?"

பொட்டு தன் வாலைத் திரும்பிப் பார்த்தான். "அன்னைக்கு எனக்கு வேற பேரு கிடைக்கலைக்கா," என்றான்.

வெள்ளாயியின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. 'இவனை ஒரே குத்தாகக் குத்திவிடலாமா?' என்று தோன்றியது. ஆனால் இவன் செத்தால் சடையன் வந்துவிடுவானா? முட்களை ஒவ்வொன்றாகப் படியவைத்தாள்.

"நாளைக்கு ராஜாவோட பட்டாபிஷேக ஆண்டு விழாவுக்கு உங்க கூட்டம் முழுக்க வருமா?"

"வரணும். அவர் தலைக்கு மேலே பாறையில வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கணும்."

"சரி, வந்து சேரு!" என்றாள் வெள்ளாயி. அன்று இரவு சுரங்கத்தைப் பற்றித் தன் சந்தேகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பொட்டின் நாக்கைக் கேட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் காடே பாறையடியில் கூடியது. உறுமன் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் செந்நாய்கள். மேலே முந்நூறு பல்லிகள். ஒவ்வொருவராக முன்னால் வந்து ராஜாவைப் புகழ வேண்டும்.

"வீரத்தில் மலை!" என்றது முயல். "கருணைக் கடல்!" என்றது மான். "அழகில் மயில்!" என்று மயிலே சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பல்லிகளுக்கு அன்று வேலையே இல்லை.

வெள்ளாயியின் முறை வந்தது. மேற்கே இடி முழங்கியதும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"மகாராஜா! உங்களைப் பத்திக் காட்டுல வதந்தி ஒண்ணு உலாவுது."

உறுமன் காதுகள் விறைத்தன. "என்னைப் பற்றியா? யார்? என்ன சொன்னார்கள்? சொல், சீக்கிரம் சொல்!"

"சொன்னா என்னைத் தண்டிப்பீங்களே?"

"மாட்டேன்! ஒரு எழுத்துகூட விடாமல் சொல்!" ஆசையில் அவனுக்கு எச்சில் வழிந்தது.

"பல்லி சொன்னா உண்மைன்னு மனுஷங்க நம்புறது உங்களுக்குத் தெரியாதா? நான் வதந்தியைச் சொல்றேன். பொய்யா இருந்தா உங்க பல்லிங்க சும்மா இருக்கும். உங்க பெருமையும் காட்டுக்கே விளங்கும்!"

"பலே! நடக்கட்டும்!" என்றான் உறுமன்.

வெள்ளாயி மூச்சை இழுத்துக்கொண்டாள். "இந்தச் சுரங்கம் காட்டுக்காக இல்லையாம். வடக்கேயிருந்து புலி வந்தா ராஜா ஓடி ஒளியறதுக்காம்!"

"த்ச்! த்ச்! த்ச்!" முந்நூறு நாக்குகளும் ஒன்றாக அடித்தன. பாறையே அதிர்ந்தது.

காடு வாயைப் பிளந்தது. உறுமனின் முகம் வெளிறியது.

"அதுல ராஜாவுக்கு மட்டும்தான் இடமாம். செந்நாய்களைப் புலிக்கு இரையா விட்டுட்டுப் போயிடுவாராம்!"

"த்ச்! த்ச்! த்ச்!"

செந்நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு எல்லாம் சேர்ந்து உறுமனைப் பார்த்தன. அந்தப் பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

"பொத்துங்கள் வாயை!" என்று உறுமன் பல்லிகளைப் பார்த்துக் கத்தினான். "இன்னொரு தடவை சத்தம் வந்தால் தலையை நசுக்கிவிடுவேன்!"

பல்லிகள் பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டன. கையை எடுத்தால் பாறையில் பிடிமானம் ஏது? பொட்டுதான் முதலில் விழுந்தான். நேராக உறுமனின் உச்சந்தலையில்! அவனைத் தொடர்ந்து மற்றவையும் பொலபொலவென்று உதிர்ந்தன.

"ஐயோ! தலையில் பல்லி விழுந்துவிட்டதே! கெட்ட சகுனமாயிற்றே!" என்று அலறினான் வீராதிவீரன். வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சுரங்கத்தைப் பார்த்து ஓட்டமெடுத்தான்.

முதலில் சிரித்தது முயல்தான். பிறகு மான். கடைசியில் செந்நாய்களும் சிரித்துவிட்டன. அப்புறம் யாருக்குப் பயம்?

வெள்ளாயி சிரிக்க நிற்கவில்லை. சுரங்க வாசலுக்கு ஓடினாள். "வெளியே வாங்க! எல்லாரும் வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். காவல் யாருமில்லை. நாற்பது பேரும் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசி ஆளாகச் சடையன் வந்தான். மழைச் சொட்டு விழத் தொடங்கியதும் சுரங்கத்தின் வாசல் திடுமென்று சரிந்தது. உறுமன் அதற்குள் மறுமுனை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். சுரங்கம் அவன் ஓடுவதற்குத்தானே வெட்டியது!

சடையன் நிம்மதியாக ஒரு தும்மல் போட்டான். "நூறு வயசு!" என்றாள் வெள்ளாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்று மாலை பொட்டு தயங்கித் தயங்கி வளைக்கு வந்தான். சடையன் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். சடையன், "சரி, எழுந்திரு," என்று மட்டும் சொன்னான்.

"ஏன் பொட்டு, ராஜா தலையில நீ வேணும்னுதானே விழுந்தே?" என்று கேட்டாள் வெள்ளாயி.

"சேச்சே! கை நழுவிடுச்சுக்கா!"

வாசலில் இன்னும் பத்துப் பல்லிகள் இருந்தன. ஒன்றுகூட உச்சுக் கொட்டவில்லை.

நீதி: ஊரார் வாயை அடைக்க ஒற்றர்களை வைக்கிறவன், தன் குட்டு உடையும் நாளுக்குத் தானே சாட்சிகளைச் சேர்த்துவைக்கிறான்.