கதவைப் பிடுங்கும் ஹெப்சிடின்

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருக்கிற ஒவ்வொன்றும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், முதல் மனுஷனின் உடம்பில் ஹெப்சிடின் என்று ஒரு காவல்காரன் இருந்தான். ஈரல் பெற்ற புரதப் பிள்ளை. இருபத்தைந்து மணி கோர்த்த சின்னச் சரம் மாதிரி ஆள்; நாலு இடத்தில் முடிச்சு. பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் உடம்பின் இரும்பு முழுவதும் அவன் பொறுப்பில் இருந்தது.

குடலின் சுவரில் வரிசையாகக் கதவுகள் உண்டு. தின்ற கீரையிலும் கறியிலும் உள்ள இரும்பு அந்தக் கதவுகள் வழியாகத்தான் இரத்தத்தில் இறங்கும். மண்ணீரலின் பட்டறையிலும் அதே மாதிரிக் கதவுகள். கிழடு தட்டிய சிவப்பணுக்களை உடைத்து, உள்ளே இருக்கிற இரும்பை எடுத்துத் திரும்ப அனுப்புவது மண்ணீரலின் தொழில். இரண்டு வழியாக வருகிற இரும்பையும் வாங்கிக்கொள்கிறவள் மஜ்ஜை. எலும்புக்குள் உலை மூட்டி உட்கார்ந்து, ஓயாமல் புதுச் சிவப்பணு வார்ப்பாள்.

ஹெப்சிடினுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது. இரும்பு மிஞ்சிப்போனால் கதவைப் பிடுங்கி உள்ளே இழுத்துப் போட்டு நொறுக்கிவிடுவான். மறுபடி இரும்பு வேண்டுமென்றால் புதுக் கதவு செய்து மாட்ட வேண்டும். அதனால் யோசித்து யோசித்துத்தான் கை வைப்பான். பெரும்பாலும் கதவுகள் திறந்தே கிடந்தன.

ஒருநாள் மனுஷனின் காலில் முள் குத்தியது. அந்தப் புண் வழியாக ஒரு கிருமி உள்ளே வந்தது. ஒட்டிய வயிறு, குழிவிழுந்த கண்.

"அண்ணாச்சி, ரொம்பத் தூரத்துல இருந்து வாரேன். பல்லுல பச்சைத் தண்ணி படல. ஒரு வாய் இரும்பு கிடைக்குமா?"

ஹெப்சிடினுக்கு மனசு இளகிவிட்டது. "ஓடுறதுல ஒரு வாய் எடுத்துக்கோ. அதுல என்ன கொறைஞ்சிரப் போகுது" என்றான்.

கிருமி ஒரு வாய்தான் தின்றது. தின்றதும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் ஆளுக்கு ஒரு வாய் தின்று நாலாயின. நாலு எட்டாயின. பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. எல்லாம் இரும்பைத் தின்றுகொண்டிருந்தன. உடம்பு அனலாகக் கொதித்தது. வெள்ளணுக்கள் எவ்வளவு அடித்தாலும், அடித்ததைவிடப் பிறந்தது அதிகம்.

களத்திலிருந்து ஒரு தூதன் ஓடி வந்து கத்தினான்: "சூடு! சூடு!"

அப்போதுதான் ஹெப்சிடினுக்கு விளங்கியது. குடலுக்கு ஓடினான், பட்டறைக்கு ஓடினான், ஒரு கதவு விடாமல் பிடுங்கி நொறுக்கினான். இரத்தத்தில் இரும்பு வற்றியது. கிருமிகள் பட்டினியில் சோர்ந்தன. வெள்ளணுக்கள் மிச்சத்தை முடித்தன. இரண்டு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது; குடலிலும் பட்டறையிலும் புதுக் கதவுகள் மாட்டினார்கள். மனுஷன் எழுந்து கஞ்சி குடித்தான்.

யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று ஹெப்சிடின் மஜ்ஜையின் வீட்டுப் பக்கம் போனான்.

"வாங்க, வாங்க! திருடனுக்கு இலை போட்டுப் பரிமாறின மகராசன் வாராரு!" என்று மண்ணீரல் வயிறு குலுங்கச் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

மஜ்ஜை சிரிக்கவில்லை. "ஒன் தருமத்தால என் உலை அணைஞ்சு கெடந்துது, தெரியுமாடே? இனிமே சூடுன்னு குரல் வந்தா, யாரு எவருன்னு விசாரிக்காத. கதவைப் பிடுங்கு. நானே வந்து கெஞ்சுனாலும் திறக்காத. எல்லாரும் பார்க்க என் உலை மேல சத்தியம் பண்ணு."

அவன் கதவைப் பிடுங்கி உயிரைக் காத்ததைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. ஹெப்சிடின் உலை மேல் கை வைத்தான். கை சுட்டது. எடுக்கவில்லை. சத்தியம் பண்ணிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பினான். ஏமாந்தது ஒருநாள் வலித்து ஆறிவிடும். அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லிக் காட்டினால் ஆறாது.

வருஷங்கள் போயின. மனுஷனுக்கு முழங்கால் வீங்கியது, பிறகு விரல்கள் வீங்கின. இந்தத் தடவை கிருமி எதுவும் வரவில்லை. வெள்ளணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடித்துக்கொண்டிருந்தன. ஆனால் தூதன் அதே குரலில்தான் கத்தினான்: "சூடு! சூடு!"

ஹெப்சிடின் விசாரிக்கவில்லை. கதவுகள் எல்லாம் நொறுங்கின. புதுக் கதவு மாட்ட மாட்ட அதையும் பிடுங்கினான். ஒரு மாதம் போனது. மூன்று மாதம் போனது. வீக்கம் வடியவில்லை, சூட்டுக்குரலும் நிற்கவில்லை.

மஜ்ஜை வெறும் சட்டியோடு அவனைத் தேடி வந்தாள்.

"தம்பி, உலையில போட இரும்பு இல்லப்பா. வார்க்கிற அணு எல்லாம் வெளிறிக் குட்டையா வருது. மனுஷன் நாலு படி ஏறினா மூச்சு வாங்குறான்."

"சூடு இருக்கு" என்றான் ஹெப்சிடின்.

"திருடன்தான் யாரும் இல்லையே! மண்ணீரல் பட்டறையில இரும்பு மலையாக் குவிஞ்சு கெடக்கு. வெளிய தள்ளக் கதவு இல்லாம அவன் முழிக்கான். ரெண்டே ரெண்டு கதவை விட்டு வையேன்."

"யாரு வந்து கெஞ்சுனாலும் திறக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அது கோவத்துல சொன்னதுப்பா."

"நீங்க கோவத்துல சொன்னீங்க. நானும் கோவத்துலதான் கேட்டுக்கிட்டேன்."

மஜ்ஜை காலில் விழவும் பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பி, புதிதாக மாட்டியிருந்த கதவைப் பிடுங்கப் போய்விட்டான். அவள் வெறும் சட்டியோடு திரும்பினாள்.

மனுஷன் முருங்கைக்கீரை தின்றான், ஈரல் வறுத்துத் தின்றான். அந்த இரும்பெல்லாம் குடல் சுவரோடு நின்று, சுவர் உதிரும்போது அதோடு சேர்ந்து வெளியே போனது. அவன் முகம் வெளுத்தது, நகம் வெளுத்தது.

இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் ஹெப்சிடினைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவனே இல்லாத சில உடம்புகளில் இரும்பு கரைபுரண்டு ஈரலையும் இருதயத்தையும் கெடுப்பதையும் பார்த்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக அவனைப் போலவே வேலை செய்கிற மருந்தைச் செய்து பார்க்கிறார்கள். வெளுத்துக் கிடப்பவர்களுக்காக அவன் கையைப் பிடித்து நிறுத்துகிற மருந்தையும் தேடுகிறார்கள்.

மஜ்ஜை வெறும் சட்டியோடு திரும்பிய அன்று முதல்தான், தீராத வீக்கத்தில் கிடப்பவர்களின் உடம்பில் இரும்பு இருந்தும் இரத்தம் வெளுக்கிறது; அவன் கையைப் பிடிக்கப் போகிறவர்களும், உள்ளே திருடன் எவனும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.