மான் கொடுத்த பால்

காட்டில் தனியாகக் கிடக்கும் பச்சைக் குழந்தைக்கு ஒரு மான் வந்து பால் கொடுக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

பேரரசர் திண்தேரனின் நாட்டில் இப்படிக் கேட்டால் அடிதான் விழும். பஞ்ச காலத்தில் அவருடைய அப்பாவின் கோட்டை எதிரியிடம் விழுந்தது. கைக்குழந்தையாகக் காட்டில் கிடந்த அவரை ஒரு மான் பால் கொடுத்துக் காப்பாற்றியது. ஊரில் எல்லாருக்கும் இது மனப்பாடம். அரண்மனை வாசலில் கல் மான் நிற்கிறது. போகிறவர், வருகிறவர் அதைக் கும்பிட வேண்டும்.

அந்தக் கதையைப் பாட்டாக எழுதும் வேலை அரசவைப் புலவர் ஆதனுக்கு வந்தது. கல்லில் வெட்டப்போகும் பாட்டு. எழுத உட்கார்ந்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலை நரைத்த பிறகும், சந்தேகம் என்றால் அவர் போகிற இடம் ஒன்றுதான். அவருடைய குரு, துறவி சாத்தி அம்மையின் குடில்.

அம்மை ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். மழை இல்லாத வருஷம். ஆட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது.

“அம்மா, மான் கதை உண்மையா?”

“நீ மான் பால் கறந்திருக்கிறாயா?”

“இல்லை.”

“எப்படிக் கறப்பாய்? நீ சொம்பை எடுக்கும்போதே அது அடுத்த ஊரில் நிற்கும்.”

ஆதன் சிரித்தார்.

“சிரித்தது போதும். தாய் செத்த குட்டி ஒன்று அங்கே கிடக்கிறது பார். இந்த ஆட்டிடம் விடு.”

விட்டார். ஆடு உதைத்தது.

“காலைப் பிடி, புலவரே. உன் பாட்டுக்கெல்லாம் அது நிற்காது.”

பிடித்தார். குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

“குடித்துவிட்டது, அம்மா!”

“நல்லது. இப்போது இந்த ஆட்டின் சொந்தக் குட்டியை அவிழ்த்துவிடு.”

அது ஓடிவந்து மடியை முட்டியது. சப்பியது. மறுபடி முட்டியது. பிறகு கத்த ஆரம்பித்தது.

ஆதன் வேறு பக்கம் பார்த்தார்.

“அந்தப் பஞ்சத்தில் எனக்கும் கைக்குழந்தை இருந்தது. பெண்,” என்றார் அம்மை. “வீரர்கள் இளவரசரைத் தூக்கிக்கொண்டு என் குடிசைக்கு வந்தார்கள். கையில் வாள். முதலில் இவருக்குக் கொடு, மீதி இருந்தால் உன் மகளுக்கு என்றார்கள்.”

ஆதன் அம்மையின் பக்கம் திரும்பினார்.

“மீதி… இருந்ததா?”

“கஞ்சியே காணாத உடம்பில் மீதி ஏதப்பா? குழியை நான்தான் தோண்டினேன். அப்போதும் இளவரசர் என் இடுப்பில்தான் இருந்தார்.”

“இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லவில்லையே!”

“நீ ஞானம்தானே கேட்டு வந்தாய்?”

“அரசருக்குத் தெரியாதா?”

“பட்டம் கட்டின அன்று பார்க்கப் போனேன். வாசலில் காவல்காரன் மானைக் காட்டி, கும்பிட்டுவிட்டுப் போ என்றான். கும்பிட்டேன். தன்னையே கும்பிட்டுக்கொண்டவள் இந்த நாட்டில் நான் ஒருத்திதான்.”

இந்தத் தடவை ஆதன் சிரிக்கவில்லை.

“நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அம்மா.”

“எழுது. உன் தலை போகும். வெட்டின கல்தச்சன் தலையும் போகும். அப்புறம் அந்தக் கல்லைச் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் மானை வெட்டுவார்கள்.”

“அப்படியானால் என்னதான் செய்யட்டும்?”

அம்மை, கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் விரலைச் சப்பியது. அவர் விரலை எடுக்கவில்லை.

“துறவி எதுவும் கேட்கக் கூடாது. இருந்தாலும் கேட்கிறேன். மான் என்றே எழுது, ஆதா. அந்த மானுக்கு ஒரு குட்டி இருந்தது என்று மட்டும் ஒரு வரி சேர்த்துவிடு.”