கதவு வாங்கிய கதை

மலையடிவாரத்து மடம் அது. குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது.

குருவின் பெயர் நிறைமதி, பெண் துறவி. சீடர் காசிலிங்கம், இடிக்கிற பழைய வீடுகளில் கதவு, நிலை, ஜன்னல் என்று விலை பேசி எடுத்து விற்கிறவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். வெறுங்கையோடு டவுனுக்கு வந்து, வாயை மட்டும் வைத்து ஒரு கடையும் ஒரு வீடும் சம்பாதித்தவர்.

மடத்திலும் அந்த வாய் சும்மா இருக்காது. விளக்கு அணையும்வரை கண்மூடி உட்காரச் சொன்னால், எண்ணெய் பாதி இறங்கும்வரை போதாதா என்று கேட்பார். சாயங்காலம்வரை மௌனம் என்றால், வெற்றிலை கேட்கிற பேச்சு அதில் சேராதே என்பார். குரு எல்லாவற்றுக்கும் "சரி" என்றுவிடுவார். எதிராளி இப்படி உடனே இறங்கிவந்தால் காசிலிங்கத்துக்குப் பிடிக்காது. எங்கேயோ ஏமாந்துவிட்டோம் என்று அன்றைக்கெல்லாம் குடையும்.

இந்த முறை அவர் ஞானத்துக்காக வரவில்லை. வீட்டில் கோபித்துக்கொண்டு வந்திருந்தார். போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. அது அடித்தால் முகம் மலரும், எடுத்துப் பார்த்ததும் சுருங்கும். தேக்கில் ஜோடிக் கதவு இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். மனைவி செண்பகவல்லி மட்டும் கூப்பிடவே இல்லை.

"அப்படி என்னதான் நடந்தது?" என்று குரு கேட்டார்.

நடந்தது இதுதான். மகளைக் கொடுத்த இடத்திலிருந்து சம்பந்தி வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டு வந்ததும் காசிலிங்கம் வழக்கம்போலத் தன் வீட்டு வாசல் கதவின் கதையை எடுத்தார். யார் வந்தாலும் அந்தக் கதை உண்டு. அதைக் கேட்காமல் அந்த வாசலைத் தாண்டிப் போனவர்கள் தபால்காரரும் பால்காரரும்தான்.

கல்யாணமான புதிது. வாசலுக்குச் சாக்குதான் திரை. மரக்கடையில் தாமரை செதுக்கிய கதவு ஒன்று நிற்கிறது, செண்பகவல்லிக்கு அதன்மேல் கண். கடைக்காரர் விலையில் இறங்க மாட்டேன் என்கிறார். காசிலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார். தெருமுனையைத் தொடுவதற்குள், "ஐயா, வாங்க, பேசிக்கலாம்" என்று பின்னாலிருந்து குரல். மறுபடி பேச்சு, மறுபடி எழுந்து போகிறார், மறுபடி குரல். கடைசியில் காசிலிங்கம் சொன்ன விலைக்கே கதவு வண்டியில் ஏறுகிறது. "எழுந்து போறதுலதான் இருக்கு வியாபாரமே" என்று தொடையைத் தட்டிக் கதையை முடிப்பார்.

அன்றைக்குத் தொடையைத் தட்டக் கையை ஓங்கும் நேரத்தில், அடுப்படியிலிருந்து செண்பகவல்லி குரல் கொடுத்தாள்.

"கடைக்காரர் ஒண்ணும் தானாக் கூப்பிடலைண்ணே. நான்..."

சம்பந்தி சிரித்துவிட்டார். மீதியைக் கேட்கக் காசிலிங்கம் அங்கே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டவர் பஸ் ஏறித்தான் திரும்பிப் பார்த்தார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்கினார். "தன் வீட்டுல ஒரு மனுசன் தன் கதையைச் சொல்ல முடியலை, தாயி. யாரும் கூப்பிடாம நானே போயி நின்னேனாம். சம்பந்தி என்ன நினைப்பாரு? என் கதைக்குள்ள அவளுக்கு என்ன வேலை?"

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க எழுந்து போனப்ப அவங்க எங்கே இருந்தாங்க?"

"கடையிலதான். புருசன் கோவிச்சுக்கிட்டுப் போனா பொண்டாட்டி பின்னாடியே வரணுமா இல்லையா? வரமாட்டா. அந்தக் கதவைத் தடவிக்கிட்டு அங்கேயே நிப்பா."

"நின்னு என்ன செஞ்சாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் போயிட்டேனே."

குரு கீரையைக் கழுவ எழுந்து போனார்.

மத்தியானம் இலை போட்டார்கள். காசிலிங்கம் ஒரு வாய் வைத்ததுமே, கீரையில் உப்பு இல்லை என்றார். இவ்வளவுதான் என்றார் குரு. ஒரு கல் உப்பு கூடவா கிடையாது என்றார் இவர். கிடையாது என்றார் அவர்.

குரு முதல்முறையாக இறங்கிவர மறுத்திருக்கிறார். காசிலிங்கத்துக்குக் கோபம் வந்தது, கூடவே பழைய தெம்பும் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வேகமாக நடந்தால் குரல் எட்டாமல் போய்விடும். அதனால் அளவாக நடந்தார். புளியமரம் வந்தது. குரல் வரவில்லை. செருப்பில் கல் ஏறியதுபோலக் குனிந்து உதறினார். இருமினார். பின்னாலேயே வந்த மடத்து நாய் அவரை ஒருமுறை முகர்ந்துவிட்டு, ரசத்தின் வாசனை வந்ததும் திரும்பி ஓடியது. மரத்தடியில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. வயிறு அவரை மதிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, கால் கழுவ வந்ததுபோல உள்ளே வந்தார். அவர் இலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஈ மொய்க்காமல் மேலே இன்னோர் இலை கவிழ்த்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்பு.

பேசாமல் உட்கார்ந்து, உப்பைப் பிசைந்து, நாலு வாய் சாப்பிட்டார். ஐந்தாவது வாயில் தாங்கவில்லை.

"மனுசன் சோத்தை விட்டு எழுந்து போறான். ஒரு வார்த்தை, வாங்கன்னு கூப்பிட்டா என்ன, தாயி?"

குரு அவர் இலையில் மோர் ஊற்றினார்.

"உங்களைக் கூப்பிடச் சொல்லி என்கிட்ட யாரும் சொல்லலையே."

காசிலிங்கத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

கடைக்காரர் ஒண்ணும் தானாக் கூப்பிடலைண்ணே. நான்...

ஒவ்வொரு தடவை திரும்பி வந்தபோதும் அந்தக் கடைக்காரர் இவரைப் பார்க்காமல் செண்பகவல்லியைப் பார்த்துத் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. கதவில் மயங்கி நிற்கிறாள் என்றல்லவா இவர் நினைத்திருந்தார். தம்பியோடு பாகம் பிரித்த அன்று எழுந்து போனார், கூப்பிட்டார்கள். மகள் கல்யாணப் பேச்சில் எழுந்து போனார், கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் அவள் பின்னால் வராமல் அங்கேயே நின்றாள்.

இந்தத் தடவை அவர் எழுந்து வந்தது அவளிடமிருந்து.

மோர் இலையில் ஓடி விளிம்புக்கு வந்தது. அதை வழிக்கத் தோன்றவில்லை அவருக்கு. போனை எடுத்துப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார். கடைசியாகக் கேட்டபோது குரலில் பேரம் இல்லை.

"யாரும் கூப்பிடாத இடத்துக்கு எப்படித் தாயி திரும்பிப் போறது?"

குரு அவருடைய இலையைக் காட்டினார்.

"இப்ப வந்தீங்களே, அப்படித்தான்."