தங்கத் தகுந்தோர் பட்டியல்

முன்னொரு காலத்தில், ஐந்து மொழிக்காரர்களை ஒரு குடைக்கீழ் ஆண்ட அரசர் ஒருவர் கடைத்தெரு வழியே பல்லக்கில் போனார். ஜனங்கள் ஐந்து மொழியிலும் வாழ்த்தினார்கள். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். மற்ற நான்கிலும் தம்மைத் திட்டுகிறார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

பிரதானி சொக்கநாயகம் அந்தச் சந்தேகத்தை ஊதிப் பெரிதாக்கினார். அரசரைச் சிரிக்க வைக்கும் விகடகவி கெம்பையன் மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. கெம்பையன் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவன்.

மறுநாளே முரசு அறைந்தார்கள்: எவருடைய பாட்டன் இந்நகரில் பிறக்கவில்லையோ, அவர் நாளை அந்திக்குள் வெளியேற வேண்டும்.

"தங்கத் தகுந்தோர் பட்டியலைக் கெம்பையனே எழுதட்டும், பிரபு. ஒரு பெயர் பிசகினாலும் தலை போகும்" என்றார் பிரதானி. அரசர் ஒப்புக்கொண்டார்.

கெம்பையன் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஒன்னம்மா, பத்து நாள் குழந்தையை மடியில் போட்டபடி பாத்திரங்களைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கங்க போறது? எனக்கு வேற ஊரே தெரியாதே."

"கொஞ்சம் பொறு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஊர் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான்: "உங்க பாட்டன் பொறந்த ஊர் எது?"

மறுநாள் சபையில் ஓலையை விரித்தான்.

"அரண்மனைப் புளியமரம். அகழியில் கிடக்கும் கிழ முதலை. பட்டியல் முடிந்தது, பிரபு."

"என்ன உளறல் இது?" என்று பிரதானி எகிறினார்.

"உளறல் இல்லை, பிரதானியாரே. மகாராஜாவின் தந்தையார் காடு வெட்டி இந்நகரை எழுப்பி நாற்பது ஆண்டுதான் ஆகிறது. அப்புறம் எவருடைய பாட்டன் இங்கே பிறந்திருப்பார்? காடாக இருந்த காலம்தொட்டே இங்கிருப்பவை அந்தப் புளியமரமும் முதலையும்தான். தங்கள் பாட்டனார் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவராம்; தங்கள் அத்தையாரே சொன்னார்கள்." அரசர் பக்கம் திரும்பினான். "வாசலில் வண்டிகள் பூட்டி நிற்கின்றன, பிரபு. முதல் வண்டி தங்களுக்கு. மெத்தை போட்டிருக்கிறேன். கிளம்புமுன், முதலைக்கு யார் முடிசூட்டுவது என்று மட்டும் உத்தரவிட வேண்டும்."



அரசரின் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லவேளை சொன்னாய், இல்லாவிட்டால் நானே ஊரைவிட்டுப் போயிருப்பேன்! முரசைத் திருப்பி அறையுங்கள். எவரும் எங்கும் போக வேண்டாம்!" தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கெம்பையனுக்குப் போட்டார். பிரதானி தலைகுனிந்து நின்றார்.

கெம்பையன் மாலையோடு வீட்டுக்கு ஓடினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒன்னம்மா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப, உலை வைக்கட்டுங்களா?"